பேச்சுக் கொடுக்கும் வேலை

ஜூன் 1, சனி

பல் மருந்து கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்துவிட்டுப் போன டைரி. இத்தனை நாள் கிளினிக் மேசையில் டீ கிளாஸ் வைக்கத்தான் பயன்பட்டது. அட்டை முழுக்க வட்ட வட்டமாய்க் கறை. இன்று வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். எழுதப் பெரிதாக ஒன்றும் இல்லை, சும்மாதான்.

சாயங்காலம் கோயிலில் பாடகர் குழு பயிற்சி. புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார். ஜாஸ்பர் என்று பெயர். மின்வாரியத்தில் வேலை, தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகிப் பாளையங்கோட்டைக்கு வந்திருக்கிறாராம். நல்ல கட்டைக் குரல். "கெடைக்காத பேஸ் கெடச்சிருக்கு, வெரட்டி விட்றாதிய" என்று எங்களிடம் சொன்னார் குழுவை நடத்தும் செல்வின் அண்ணன். நான் ஆல்டோ, பெண்களில் கீழ்க் குரல். ஆல்டோ என்பது இருக்கும்போது யார் காதிலும் விழாத குரல். இல்லாவிட்டால்தான் ஏதோ குறைகிறதே என்று தேடுவார்கள். பள்ளிக்கூட நாளிலிருந்து அதைத்தான் பாடுகிறேன். இப்போது முப்பத்து மூன்று வயது.

அவர் நீலக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தார். வியர்வைக்குக் கைக்குட்டையை மடித்துக் காலருக்குள் செருகியிருந்தார். பாட்டுப் புத்தகத்தைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்துப் படிக்கிறார். கண்ணாடி போட வேண்டிய ஆள், யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. இதையெல்லாம் எழுதி என்ன ஆகப்போகிறது? அம்மாவுக்கு முட்டுவலித் தைலம் தீர்ந்துவிட்டது, நாளைக்கு வாங்க வேண்டும்.

ஜூன் 5, புதன்

கிளினிக்கில் கூட்டமில்லை. என்ன வேலை என்று யாராவது கேட்டால் பல் டாக்டரிடம் அசிஸ்டென்ட் என்று சொல்கிறேன். உண்மையில் என் வேலை பேச்சுக் கொடுப்பது. டாக்டரம்மா ஈறில் ஊசி போட்டுவிட்டு அடுத்த அறை நோயாளியைப் பார்க்கப் போய்விடுவார். வாய் மரத்துப் போகும் வரை இந்த ஆள் பயந்து எழுந்து ஓடாமல் நான் பார்த்துக்கொள்ள வேண்டும். "பெர்சிஸ், பேச்சுக் குடு" என்பார் போகும்போது. எந்த ஊர், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று ஆரம்பித்தால் மரத்துப் போன வாயோடு சொந்தக் கதை சோகக் கதை எல்லாம் வந்துவிடும். ஊரே என்னிடம் வாயைத் திறக்கிறது.

காத்திருக்கும் அறையில் கிடந்த பழைய வாரப் பத்திரிகையில் ஒரு கட்டுரை. மனதுக்குப் பிடித்தவரிடம் பேச்சைத் தொடங்குவது எப்படி என்று தலைப்பு. முதலில் புன்னகை செய்யுங்கள் என்கிறார் எழுதியவர். எனக்கு மேல்வரிசையில் ஒரு பல் உள்ளே தள்ளி இருக்கும். பல் டாக்டரிடமே சம்பளம் வாங்கிக்கொண்டு அதைச் சரி செய்யாமல் இருக்கிறேன் என்று ஜெனிலா கேலி செய்வாள். ஜெனிலா என் தங்கை. அப்புறம், இருவருக்கும் பொதுவான ஒரு விஷயத்திலிருந்து தொடங்குங்கள் என்கிறார். பக்கத்தைக் கிழித்துக்கொண்டேன். பஞ்சு டப்பாவுக்கு அடியில் விரிக்கத் தாள் வேண்டியிருந்தது.

பிடித்தவர் என்றெல்லாம் யாரும் இல்லை. ஊருக்குப் புதிதாக வந்தவரிடம் சிநேகமாக இரண்டு வார்த்தை பேசுவது ஒரு மரியாதை. எனக்கு அவ்வளவுதான் வேண்டும்.

ஜூன் 8, சனி

பயிற்சிக்குச் சீக்கிரமே போய்விட்டேன். அவரும் சீக்கிரமே வந்திருந்தார். ஹாலில் நாங்கள் இரண்டு பேர்தான். பொதுவான விஷயம் என்றால் புழுக்கம் ஒன்றுதான் இருந்தது. நெடுநேரம் யோசித்து, "ஃபேனப் போடவா?" என்று கேட்டேன்.

"போடுங்கக்கா" என்றார்.

போட்டேன். சுற்றவில்லை. "கரண்ட் இல்லக்கா" என்றார், மின்வாரியத்துக்காரர். அதற்குள் செல்வின் அண்ணன் வந்துவிட்டார்.

ஜூன் 9, ஞாயிறு

அக்காவாம்.

ஜூன் 22, சனி

செல்வின் அண்ணனின் தம்பியும் ஜாஸ்பரும் ஒரே வகுப்பில் படித்தவர்களாம். அந்தத் தம்பி எனக்கு ஒரு வகுப்பு மேலே. ஆக, அக்கா என்று கூப்பிடுகிறவர் என்னைவிட மூத்தவர். சொந்த ஊர் மெஞ்ஞானபுரம், அம்மா மட்டும் அங்கே இருக்கிறார், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இதையெல்லாம் நான் விசாரிக்கவில்லை. அண்ணன் தானாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தேன், கொஞ்சம் மெதுவாக.

வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். அக்கா மாதிரித்தான் இருக்கிறேன், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அப்பா படுக்கையில் கிடந்த காலத்தில் எனக்கு வந்த வரன்கள் எல்லாம் "பெறவு பாப்போம்" என்று சொல்லி அடுத்த தெருவுக்குப் போய்விட்டன. அப்பாவும் போய்விட்டார். அதற்குப் பிறகு கேட்டு வந்தவர்கள் ஜெனிலாவைப் பார்த்துவிட்டு, "மூத்தவ முடியட்டும், நாங்க காத்திருக்கோம்" என்றார்கள். காத்திருந்த மாதிரித் தெரியவில்லை.

சிலிண்டருக்குப் பதிந்தாயிற்று.

ஜூலை 6, சனி

இன்று பேசிவிட்டேன். முழுசாக!

வண்ணார்பேட்டையில் அவர் ஆபீசுக்கு எதிர்ச் சந்தில்தான் ஜெனிலாவின் பள்ளிக்கூடம். இத்தனை நாள் எனக்கு இது தோன்றவே இல்லை, இதைவிடப் பொதுவான விஷயம் வேறு என்ன வேண்டும்?

"ஒங்க ஆபீசு வண்ணார்பேட்டைதான? என் தங்கச்சி எதுத்தாப்ல உள்ள ஸ்கூல்லதான் டீச்சரா இருக்கா."

"அப்படியா! மஞ்ச பெயிண்ட் அடிச்ச ஸ்கூலாக்கா?"

"ஆமா. ஜெனிலான்னு பேரு. கணக்கு எடுக்கா."

"கணக்கா? நமக்கு ஆகவே ஆகாதுக்கா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன், உதட்டை மூடிக்கொண்டு. செல்வின் அண்ணன் வந்து ஹார்மோனியத்தில் உட்கார்ந்த பிறகும் எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை. கட்டுரை எழுதின புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

ஜூலை 13, சனி

ஜெனிலாவுக்குச் சளி பிடித்ததைப் பற்றி இன்று பேசினோம். அவளுடைய பள்ளிக்கூடத்தில் பெஞ்சு போதாததைப் பற்றியும். என்னைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? வாயும் பல்லும் பஞ்சும்தான். அதைக் கேட்டால் யாருக்குச் சாப்பாடு இறங்கும்?

ஜூலை 18, வியாழன்

அவர் கிளினிக்குக்கு வந்தார். கீழ்க் கடைவாய்ப் பல், கன்னம் வீங்கிப்போய் இருந்தது. கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும், "அக்கா, நீங்க இங்கயா!" என்று ஏதோ கரையைக் கண்ட மாதிரி சொன்னார்.

புது நோயாளியிடம் கேட்க வேண்டியதை முதலில் கேட்டேன். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, மூச்சுத் திணறல் உண்டா, பரம்பரை வியாதி ஏதும் உண்டா? ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றார். சிகரெட்? இல்லை. பாக்கு, புகையிலை? இல்லை. குடிப் பழக்கம்? "சேச்சே, கிடையவே கிடையாதுக்கா" என்று வீங்கின வாயோடு அழுத்திச் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பல்லுக்கு நல்லதல்லவா.

டாக்டரம்மா ஊசி போட்டார். "இவங்க நம்ம கோயிலா? அப்ப பேச்சுக் குடு பெர்சிஸ்" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

இப்போது அவர் வாய் முழுக்கப் பஞ்சு. பதில் சொல்ல முடியாது, தலையாட்டத்தான் முடியும். அதனாலோ என்னவோ எனக்குத் தைரியம் வந்துவிட்டது. ஹாலில் ஒரு வருஷம் நின்றாலும் வராத பேச்சு மடமடவென்று வந்தது. "மெஞ்ஞானபுரத்துல சொந்த வீடா?" தலையாட்டினார். "அம்மா தனியாவா இருக்காவ?" தலையாட்டினார். "கூடப் பொறந்தவிய உண்டா? அக்காவா? கட்டிக் குடுத்தாச்சா?" எல்லாவற்றுக்கும் ஆட்டினார். "ஒங்களுக்கும் வீட்ல பாக்காவதான?" என்று எப்படியோ கேட்டுவிட்டேன். அவர் வெட்கப்பட்டுக் கூரையைப் பார்த்தார்.

அந்தப் பேச்சை மூடி மறைக்க வேண்டுமே. உடனே ஜெனிலாவைப் பிடித்துக்கொண்டேன். நாங்கள் இரண்டே பேர், அப்பா இல்லை, அவளுக்கு இருபத்தாறு நடக்கிறது, எம்எஸ்சி முடித்திருக்கிறாள், மீன் குழம்பு நன்றாக வைப்பாள், யாரிடமும் அதிர்ந்து பேச மாட்டாள். மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனேன். அவர் என் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னை ஒருவர் இவ்வளவு நேரம் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

போகும்போது இரண்டு கையும் எடுத்துக் கும்பிட்டார். பல் பிடுங்கினதற்கு யாரும் அப்படிக் கும்பிட்டதில்லை.

ஆகஸ்ட் 3, சனி

வாரா வாரம் இப்போது பயிற்சிக்கு முன் பேசுகிறோம். அவரே வந்து ஆரம்பிக்கிறார். "தங்கச்சி நல்லா இருக்காவளா?" என்பதுதான் முதல் பேச்சு. சிலருக்கு நேரே நம்மைப் பற்றிக் கேட்கக் கூச்சம் இருக்கும், வீட்டில் உள்ளவர்களைச் சாக்காக வைத்துக்கொள்வார்கள். எனக்குத் தெரியாதா அது?

ஜெனிலா சொன்னாள், "ஒங்க கொயர்ல பாடுதாரே அந்த ஈபிக்காரரு, பஸ் ஸ்டாப்ல பாத்து வணக்கம் சொன்னாருக்கா." என்னைத் தெரிந்தவர் என் தங்கைக்கு வணக்கம் சொல்கிறார். நல்ல வளர்ப்பு.

முட்டுவலித் தைலம் வேறு கம்பெனி வாங்கினேன். அம்மாவுக்கு இது எரிகிறதாம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்தில் வழக்கம்போல் ஏலம். ஆள் ஆளுக்குக் காணிக்கையாகக் கொண்டுவந்த வாழைத்தார், சேவல், பூசணி, கேக்கு என்று மேசை நிறைந்திருந்தது. நான் முந்திரிக்கொத்து செய்து கொண்டுபோனேன். பயறு வறுத்து, திரித்து, பாகு காய்ச்சி, உருட்டி, மாவில் முக்கிப் பொரித்து எடுப்பதற்குள் இடுப்பு ஒடிந்துவிட்டது. ஜெனிலா வழக்கம்போல் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்து, உருண்டை இரண்டைத் தின்றுவிட்டுப் போனாள்.

செல்வின் அண்ணன்தான் ஏலம் விட்டார். "இது நம்ம பெர்சிஸ், ஜெனிலா வீட்டு முந்திரிக்கொத்து" என்று தட்டைத் தூக்கிக் காட்டினார். இரண்டு பேர் கேட்டு நிறுத்திவிட்டார்கள். அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து கட்டைக் குரல் ஒன்று கேட்டது. யாரோ வேடிக்கைக்கு ஏற்றிவிட, இவரும் விடாமல் ஏற, சேவல் போகாத விலைக்கு என் முந்திரிக்கொத்து போனது. சனங்கள் எல்லோரும் சிரித்தார்கள். என் காது சுட்டது. நெருப்புப் பக்கம் நின்ற மாதிரி இருந்தது.

தட்டை வாங்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். "அக்கா, ஒங்கட்ட ஒரு விசயம் பேசணும். இங்க வச்சு வேண்டாம், ஆளுவ பாக்காவ. வாற சனிக்கிழம பயிற்சிக்கு முன்னால பேசுவமா? தப்பா நெனைக்கக் கூடாது."

"நான் ஏன் தப்பா நெனைக்கப் போறேன்?" என்றேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

அலமாரியில் கிடந்த பச்சைச் சேலைக்குப் பிளவுஸ் தைக்கக் கொடுத்தேன். எப்படியும் தைக்க வேண்டியதுதான்.

செப்டம்பர் 18, புதன்

டாக்டரம்மாவிடம் அந்தப் பல்லைப் பற்றிக் கேட்டேன். கம்பி போட்டால் ஒரு வருஷத்தில் சரியாகிவிடுமாம். "இத்தன வருசமா சொன்னேனே, இப்ப என்ன திடீர்னு?" என்று சிரித்தார்.

செப்டம்பர் 20, வெள்ளி

தையற்காரர் இன்று தருவதாகச் சொல்லித் தரவில்லை. கடையிலேயே நின்று வாங்கி வந்தேன். அம்மா, "யாருக்குட்டி கல்யாணம்?" என்றாள்.

செப்டம்பர் 21, சனி

பச்சைச் சேலை கட்டிக்கொண்டு போனேன்.

அவர் கோயில் வேப்பமரத்தடியில் நின்றார். பேச்சை ஆரம்பிக்க அவருக்கும் வரவில்லை, கைக்குட்டையை மடித்தார், விரித்தார். நான்தான், "சொல்லுங்க" என்றேன்.

"நீங்க அன்னிக்கு கிளினிக்ல வச்சு எல்லாம் கேட்டியல்லாக்கா. சொந்த வீடா, கெட்ட பழக்கம் உண்டா, வீட்ல பாக்காவளான்னு. அப்பவே எனக்குப் புரிஞ்சிட்டு. பெறவு தங்கச்சியப் பத்தி நீங்களே எடுத்துச் சொன்னிய. அப்பா இல்லாத வீட்ல அக்காவா இருந்து ஒரு ஆம்பள மாதிரி விசாரிக்காவளேன்னு எங்கம்மாட்ட சொன்னேன். அம்மாவுக்கு ரொம்ப சந்தோசம். நானும் ரெண்டு மாசமா பஸ் ஸ்டாப்ல பாத்தேன். எனக்கு ஜெனிலாவப் பிடிச்சிருக்குக்கா. முந்திரிக்கொத்து அவ செஞ்சதுதான?"

வேப்பங்கொட்டை ஒன்று காலடியில் கிடந்தது. அதைச் செருப்பால் நசுக்கினேன்.

"ஆமா" என்றேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

வீடு ஒட்டடை அடித்தேன். மீன் வாங்கினேன். ஜெனிலாவுக்கு மீன் குழம்பு வைக்கத் தெரியாது, நான்தான் வைப்பேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

நுணலும் தன் வாயால் கெடும். அதற்காவது கத்துகிற பிறவிக்குணம் உண்டு. நான் சம்பளத்துக்குப் பேசப் பழகியவள், அந்தப் பேச்சைத் தவிர எனக்கு வேறு பேச்சு தெரியவில்லை. நம் சனத்தில் ஒரு பெண் ஓர் ஆணிடம் ஊரும் வீடும் பழக்கமும் விசாரித்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று அஞ்சாம் கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும். எனக்காகக் கேட்டிருப்பேன் என்று மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை. ஒரு தடவைகூட, ஒரு வேடிக்கைக்குக்கூடத் தோன்றவில்லை.

அம்மாவிடம் நான்தான் சொன்னேன். வேறு யார் சொல்வது? "மூத்தவ நீ இருக்கும்போதா?" என்று முதலில் அழுதாள். கொஞ்ச நேரத்தில் அழுகையை நிறுத்திவிட்டு, "கவர்மெண்டு வேலையாட்டி?" என்று கேட்டாள்.

அக்டோபர் 6, ஞாயிறு

அவருடைய அம்மாவும், கட்டிக்கொடுத்த அக்காவும், அவரும் வந்தார்கள். நான் காபி போட்டேன், மிக்சர் தட்டு வைத்தேன். ஜெனிலா என் பச்சைச் சேலையைக் கட்டியிருந்தாள். அவளிடம் இருந்த எதுவும் எடுப்பாக இல்லை என்று அம்மாதான் எடுத்துக் கொடுத்தாள். பிளவுஸ் கொஞ்சம் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது.

எல்லாம் பேசி முடிக்கிற நேரத்தில் அவருடைய அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"மூத்த பிள்ள நீ இருக்க, ஒன்ன விட்டுட்டு இளையவளக் கேக்க எனக்கு மனசு கேக்கல. ஆனா ஜாஸ்பர் சொன்னான், 'அந்த அக்காவேதாம்மா பேச்ச எடுத்தாவ'ன்னு. இருந்தாலும் ஒன் வாயால ஒரு வார்த்த கேக்கணும். ஒனக்கு மனசுல ஒண்ணும் இல்லையேம்மா? இருந்தா இப்பமே சொல்லிரு. ஒன் கண்ணீரு விழுந்த கல்யாணம் எம்மவனுக்கு வேண்டாம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். அன்றைக்குக் கிளினிக்கில் பார்த்தாரே, அதே பார்வைதான். அது நன்றி என்பது எனக்கு இன்றுதான் தெரிந்தது. நல்ல மனுஷி, உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன நடக்கும்? ஜெனிலாவின் கல்யாணம் நிற்கும், என்னுடையது நடக்காது.

"எனக்கென்ன, சந்தோசந்தான்" என்றேன். "காபிக்குச் சீனி போதுமா?"

அக்டோபர் 9, புதன்

மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது ஜெனிலா கேட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கேன், உண்மையச் சொல்லணும். அவர்ட்ட நீ மொதல்லயே எனக்காகத்தான் பேசுனியா?"

"பின்ன யாருக்காகட்டி?"

"இல்ல, புதுப் பிளவுஸ் தச்சியே."

"அறுப்பின் பண்டிகைக்குத் தச்சேன்."

"பண்டிகை முடிஞ்ச பெறவுல்லா தச்ச?" என்றாள். கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு போடாமல் நின்றாள். "சொல்லுக்கா. நீ வேண்டாம்னு சொன்னா நான் வேண்டாம்னு சொல்லிருவேன்."

"கிறுக்கி மாதிரிப் பேசாத. அவரு என்ன அக்கான்னுல்லா கூப்புடுதாரு."

அவ்வளவுதான், அவள் முகம் தெளிந்துவிட்டது. அடுத்த நிமிஷமே கல்யாணச் சேலைக்கு எந்த நிறம் எடுக்கலாம் என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். நான் நல்லவள் என்றால் அவள் முகம் தெளிந்ததற்குச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு ஆத்திரமாக வந்தது. இன்னொரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அது அவளுக்கும் தெரியும் என்று நினைக்கிறேன், அதனால்தான் இன்னொரு தடவை அவள் கேட்கவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

பெண்கள் ஜெபக்கூட்டத்தில் எனக்காக ஜெபித்தார்கள். "தன்னப் பாக்காம தங்கச்சிய வாழ வைக்கிற இந்த மகளுக்காக ஸ்தோத்திரம்" என்று பாஸ்டரம்மா கண்ணீர்விட்டார். எல்லோரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன். கும்பலில் நிற்கிறவள் வேறு என்ன சொல்வது?

ஜனவரி 5, ஞாயிறு

புது டைரி. அதே கம்பெனிக்காரர்தான், இந்த வருஷம் அட்டை சிவப்பு.

கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள். மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், இதற்குத் தடை உண்டென்று அறிந்தவர்கள் அறிவிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் பாஸ்டர் சபையை ஒருமுறை சும்மா பார்ப்பார். எனக்கு நினைவு தெரிந்து யாரும் ஒன்றும் அறிவித்ததில்லை.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இங்கே எழுதிவிட்டேன், போதும். அது ஒரு தடையா என்ன?

ஜனவரி 12, ஞாயிறு

இரண்டாவது ஓலை. பாஸ்டர் வாசித்து முடித்துச் சபையைப் பார்க்கிற அந்த நேரத்தில் எனக்கு இருமல் வந்துவிட்டது. அடக்க அடக்கக் கூடுகிறது. பாஸ்டர் காகிதத்தோடு என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார், கோயில் முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள், பாஸ்டரும் சிரித்தார். வெளியே வந்ததும் ஜாஸ்பர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "பயந்துட்டேன் மைனி" என்றார்.

மைனி. பெண்டாட்டியின் அக்கா. அக்காவிலிருந்து எனக்குப் பதவி உயர்வு.

ஜனவரி 22, புதன்

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. தாலி கட்டியதும் நாங்கள் பாடினோம். பாட்டு முடிந்து உட்காரும்போது செல்வின் அண்ணன் திரும்பி, "ஆல்டோ இன்னிக்குக் கேக்கவே இல்லியே?" என்றார்.

பிப்ரவரி 13, வியாழன்

ஜெனிலா இல்லாத வீட்டில் துணி கொஞ்சம்தான் விழுகிறது. அம்மாவுக்குப் பழைய தைலமே மறுபடி வாங்கினேன். கம்பி போடுகிற பேச்சை டாக்டரம்மா எடுத்தார், வேண்டாம் என்றுவிட்டேன்.

இன்று ஜாஸ்பர் கிளினிக்குக்கு வந்தார், இப்போது அடுத்த பக்கத்துப் பல். நாற்காலியில் சாய்ந்ததுமே பேச ஆரம்பித்துவிட்டார். மைனி சாப்டியளா, மைனி மெலிஞ்சிட்டிய, மைனி ஒங்க தங்கச்சி வைக்கிற மீன் குழம்ப நீங்க ஒரு நாள் வந்து பாக்கணும். கூச்சமே இல்லை. மைனியிடம் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், கேலிகூடப் பண்ணலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். போன ஜூன் மாதம் நான் கேட்டது இதுதான். சிநேகமாக இரண்டு வார்த்தை. இப்போது இருநூறு வார்த்தை கிடைக்கிறது.

நான் ஊசிக்கு மருந்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

"மைனி, ஒங்களுக்கு ஒரு எடம் பாத்து வச்சிருக்கேன்" என்றார். "எங்க ஆபீசுல தேவதாசன்னு ஒருத்தர். ஏரல்காரரு. வீட்டுக்காரம்மா தவறி ரெண்டு வருசம் ஆவுது. ஒரு பிள்ள உண்டு, அது தாத்தா வீட்ல வளருது. தங்கமான மனுசன். ஞாயித்துக்கிழம நம்ம கோயிலுக்கு வரச் சொல்லிருக்கேன்."

"அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

"சாடையாச் சொல்லிருக்கேன். அவரு கூச்சக்காரரு மைனி. அதனால நீங்களா ரெண்டு வார்த்த பேச்சுக் குடுங்க. எந்த ஊரு, கூடப் பொறந்தவிய எத்தன பேருன்னு சும்மா ஆரம்பிங்க, பெறவு தானா வரும். ஒங்களுக்கு நானா சொல்லித் தரணும்? எனக்கே நீங்கதான பேச்சுக் குடுத்து முடிச்சு வச்சிய!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கள்ளம் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

டாக்டரம்மா வந்து ஊசி போட்டார். "ஒன் தங்கச்சி மாப்பிள்ள, ஒனக்குச் சொல்லணுமா? பேச்சுக் குடு" என்றுவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

"தேவதாசன் இருக்காருல்லா மைனி..." என்று அவர் மறுபடி ஆரம்பித்தார். உதடு தடித்து வந்தது, வார்த்தை வழுக்கியது.

"நல்லாத் தொறங்க" என்றேன்.

திறந்தார். இரண்டு பக்கமும் பஞ்சை வைத்தேன். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, அவருக்கு மரத்துப் போகும் வரை ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.